சொந்தப் பாட்டிலும் அடுத்தவன் வாசலும்

1

என் அக்கா மகன் மூன்று ஆண்டுகள் வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் வேலை பார்த்தான். கேட்டரிங் படித்துவிட்டு, ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் போனவன். ஒவ்வொரு ஒப்பந்தமும் எட்டு ஒன்பது மாதம். விடுமுறைக்கு வாலாஜாபாத் வந்திருந்தபோது ஒரு சாயங்காலம் பாலாற்றுப் பாலத்தின் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கீழே தண்ணீர் இல்லை. மணலும் சீமைக்கருவேலமும்தான்.

"கப்பல்ல என்னடா வேலை?"

"பார்ல மாமா. ஆனா கப்பல் கெளம்புற அன்னிக்கு மட்டும் ஏறுற வாசல்ல மேசை போட்டு உக்கார வச்சிடுவாங்க. வர்றவங்க பெட்டி எல்லாம் எக்ஸ்ரேல போகும். பாட்டில் இருந்தா எடுத்து, ரூம் நம்பர் எழுதி, சீட்டு கட்டி உள்ள வச்சிடணும். கடைசி நாள் ராத்திரிதான் திருப்பிக் குடுப்போம்."

விதியை அவன் விளக்கினான். வயது வந்தவர் ஒருவருக்கு 750 மில்லி ஒயின் ஒரு பாட்டில், அதுவும் ஏறுகிற முதல் நாள் மட்டும். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் குடித்தால் மூடி திறக்கும் கூலி தனி. பத்து டாலரோ பதினைந்து டாலரோ. விஸ்கி, ரம், பிராந்தி எதுவும் கூடாது. பல கப்பல் கம்பெனிகளில் ஏறக்குறைய இதுதான் நடைமுறை. சில கம்பெனிகள் அந்த ஒரு பாட்டிலையும் விடுவதில்லை. ஜனங்களும் சும்மா இருப்பதில்லை. ஷாம்பூ டப்பாவில் ரம் ஊற்றிக்கொண்டு வருகிறார்கள், மவுத்வாஷ் பாட்டிலில் ஜின். அதையும் இவன்தான் மோந்து பார்க்க வேண்டும்.

"ஏன்டா இந்தக் கெடுபிடி?"

"பாதுகாப்புன்னு சொல்லுவாங்க மாமா. ஆனா உள்ள பன்னெண்டு பார் இருக்கு. விடிய விடிய ஊத்துறோம். குடிச்சிட்டு விழுந்துடுவான்னு பயமா இருந்தா பன்னெண்டு பார் எதுக்கு?"

நான் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் இதே கேள்வியை எங்கள் தாத்தா கேட்டிருக்கிறார், கப்பலையே பார்க்காமல். 1950களில், மதுவிலக்குக் காலத்தில், ஏரிக்கரைப் பனையிலிருந்து தனக்கென்று ஒரு மொந்தை இறக்கிக் குடித்ததற்காக அவரை ஒரு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து அபராதம் கட்டச் சொன்னார்கள். மொந்தையை உடைத்துப்போட்டார்கள். கப்பல் பயணிக்குக் கடைசி நாள் பாட்டில் திரும்பக் கிடைக்கிறது. தாத்தாவுக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்தக் கட்டுரை குடியை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதப்படவில்லை. ஒருவன் தன் குடியைத் தானே கொண்டுபோவது எப்போது 'சொந்த உபயோகம்' ஆகிறது, எப்போது 'கடத்தல்' ஆகிறது என்பதுதான் கேள்வி. குடிக்கும் பொருளோ அளவோ இதைத் தீர்மானிப்பதில்லை என்பது என் எண்ணம். வாசல் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

2

கப்பலில் ஒயின் ஏறியது புதுச் சங்கதி இல்லை. நாங்கள் நின்ற அதே பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரம் என்று ஒரு ஊர். 1970இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது அடி கூம்பிய பெரிய ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. காஞ்சிபுரத்திலும் அப்படிப்பட்ட ஜாடிகள் உண்டு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் பக்கத்து ஒயின் ஜாடிகளே கிடைத்தன. பாலாற்றுப் பக்கத்து ஜாடிகளில் சில பாரசீக வளைகுடாவிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எப்படியானாலும் கடல்வழி வந்த ஜாடி ஆற்றுவழி உள்நாட்டுக்குள் ஏறியிருக்கிறது. யவனர் மரக்கலத்தில் கொண்டுவந்த தேறலைப் பற்றிப் புறநானூற்றில் சேதி உண்டு. அது அரசன் குடிப்பது என்பதும் அங்கேயே தெரிகிறது. ஆக, கப்பலில் வந்த குடிக்கு அன்றைக்கே ஒரு வர்க்கம் இருந்தது.

அடுத்து கம்பெனிக் கப்பல்கள். இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் பல மதேரா தீவில் நின்று ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. வெப்பக் கடலில் மாதக்கணக்காகக் குலுங்கியதில் அந்த ஒயின் கெட்டுப்போகவில்லை, ருசி கூடிப்போனது. பிறகு அதையே ஒரு தகுதியாக்கி, போய்த் திரும்பிய பீப்பாய்க்குக் கூடுதல் விலை வைத்தார்கள். கப்பல் தலைவனுக்கும் அதிகாரிகளுக்கும் தங்கள் சொந்தச் சரக்கை இவ்வளவு ஏற்றலாம் என்று கம்பெனி இடம் ஒதுக்கியிருந்தது. அந்த இடத்தில் ஒயினும் ஏறியது, சென்னையில் லாபத்துக்கு விற்கப்பட்டது. தன் பாட்டிலைக் கப்பலில் ஏற்றும் உரிமை சம்பளத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது, மேலே இருந்தவர்களுக்கு.

கீழே இருந்தவனுக்குப் 'படி' உண்டு, உரிமை இல்லை. பிரிட்டிஷ் கடற்படை மாலுமிக்கு ரம் அளந்து ஊற்றினார்கள். 1740இல் வெர்னன் என்ற அட்மிரல் அதில் தண்ணீர் கலந்து கொடுக்க உத்தரவு போட்டார். அந்தப் படி 1970 ஜூலை 31 வரை நீடித்தது. அளந்து கொடுப்பவனே கலந்தும் கொடுப்பான், நிறுத்தவும் செய்வான். படிக்கு வெளியே மாலுமி ஒளித்துக் கொண்டுவந்த குடிக்குக் கசையடி. அப்புறம் நீராவிக் கப்பல் வந்தது. பி அண்ட் ஓ கம்பெனியில் தொடக்க காலத்தில் டிக்கெட் விலையிலேயே ஒயினும் அடக்கம். குடித்ததற்குத் தனி பில் பிற்பாடுதான் வந்தது. கீழ்த்தளத்தில் நெருப்புக்கு நிலக்கரி அள்ளிய நம்மூர் லஸ்கர்களுக்கு எந்தக் காலத்திலும் அந்த மேசையில் இடமில்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தபோது குடிப்பதற்கென்றே ஜனங்கள் கப்பல் ஏறினார்கள். எந்த ஊருக்கும் போகாமல் கடல் எல்லையைத் தாண்டி ஒரு சுற்று சுற்றித் திரும்பும் பயணங்கள் அப்போது பிரபலமாயின. 1923இல் கியூனார்டு கம்பெனி தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்நியக் கப்பல் ஆனாலும் எங்கள் கடல் எல்லைக்குள் வரும்போது பூட்டி முத்திரை வைத்த சரக்கைக்கூட வைத்திருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆக அன்றைக்குக் கரையில் இருந்த அரசாங்கம் பாட்டிலைத் தடுத்தது, கப்பல் விடுதலையாகத் தெரிந்தது. இன்றைக்குக் கப்பலே அரசாங்கமாகி வாசலில் மேசை போட்டிருக்கிறது.

ஃபூக்கோ 1967இல் ஆற்றிய உரையொன்றில், வழக்கமான ஒழுங்குகளுக்கு வெளியே நிற்கும் 'வேற்றிடங்கள்' பற்றிச் சொல்லும்போது கப்பலைத்தான் அவற்றுக்குத் தலைசிறந்த உதாரணமாகக் காட்டினார். இருக்கலாம். ஆனால் அந்தக் கப்பலின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து ஷாம்பூ டப்பாவை மோந்து பார்ப்பவனிடம் கேட்டிருந்தால், அவருக்குக் கப்பல் வேறு மாதிரித் தெரிந்திருக்கும்.

3

வாலாஜாபாத்துக்கு வருவோம். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைச் சுமக்கும் இந்த ஊர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19இன் தொடக்கத்திலும் கம்பெனியின் பட்டாள ஊர். ராஜாவின் பட்டாளங்களும் கம்பெனிச் சிப்பாய்களும் இங்கே தங்கினார்கள். இந்த ஊர் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை, காய்ச்சலிலும் கழிச்சலிலும் நிறையப் பேர் செத்தார்கள். பிறகு பட்டாளம் காலியானது.

கன்டோன்மென்ட் என்பது தரையில் நின்ற கப்பல்தான். அதே படிநிலை, அதே வாசல். அதிகாரிகளின் மெஸ்ஸில் சென்னையிலிருந்து மாட்டுவண்டியில் வந்த மதேராவும் கிளாரெட்டும். சாதாரண ஐரோப்பியச் சிப்பாய்க்குத் தினப்படி அளந்த சாராயம். அந்தப் படிக்கு மேல் அவன் வெளியே கடைத்தெருவில் வாங்கிக் குடித்தால் குற்றம். சிப்பாய் செத்ததற்குக் காரணம் தண்ணீரா, சாக்கடையா, வெயிலா என்று தேடுவதைவிட வெளிச் சாராயத்தின் மேல் பழி போடுவது ராணுவ மருத்துவர்களுக்கு எளிதாக இருந்தது. வெளிச் சாராயம் கெடுதல் இல்லை என்று நான் சொல்லவில்லை. உள்ளே அரசாங்கம் ஊற்றியதும் சாராயம்தான் என்கிறேன்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலேயர் எழுத்துகளில் கடைத்தெருச் சாராயத்துக்குப் 'பறையர் சாராயம்' என்ற பெயர் புழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலோ இந்திய அகராதியான ஹாப்சன் ஜாப்சன் வரைக்கும் அது ஏறியிருக்கிறது. காய்ச்சியவன் யார், விற்றவன் யார், வரி கட்டியவன் யார் என்று பார்த்து வைத்த பெயரில்லை. எது மட்டமோ, எது விஷமோ, எது வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதோ அதற்கு வைத்த பெயர். நம்மூர்ச் சாதி ஆங்கிலேயன் வாயில் ஒரு தரச் சான்றிதழாக மாறிப்போனது. மெஸ் பாட்டிலுக்கு ஊரின் பெயர். கடைத்தெருப் பானைக்கு இழிவாக்கப்பட்ட மக்களின் பெயர். எது 'ஒயின்', எது 'சரக்கு' என்ற பிரிவினைக்கு அப்போதே அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. கப்பலில் இன்றைக்கும் ஒயின் ஒரு பாட்டில் கூடும், ரம் கூடாது என்பதில் அந்த வாசனை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

இதே பட்டாளத்தில்தான் 1806இல் புதிய தலைப்பாகை பற்றிய முணுமுணுப்பும் எழுந்தது. அந்த ஆண்டு ஜூலை 10இல் வேலூரில் அது வெடித்தது. தலையில் என்ன கட்டுவது, நெற்றியில் என்ன இடுவது, தாடியை எப்படி வைப்பது என்றெல்லாம் வாசலுக்கு உள்ளே இருப்பவன் சொன்னபோது சிப்பாய் பொறுக்கவில்லை. குடியும் உடலும் ஒரே பதிவேட்டில் எழுதப்பட்ட இடம் கன்டோன்மென்ட்.

4

கன்டோன்மென்ட்டுக்குள் இருந்த விதி ராஜதானி முழுக்கப் பரவியது 1886ஆம் வருஷத்துச் சென்னை ஆப்காரிச் சட்டத்தோடு. அதற்கு முன்னால் குத்தகை இருந்தது, வரி இருந்தது. இந்தச் சட்டம் ஒருபடி மேலே போய் மரத்தையே பிடித்தது. லைசென்ஸ் இல்லாமல் கள் இறக்கக் கூடாது. மரம் உன்னுடையதாக இருக்கலாம், பாளை சீவுகிறவன் நீயாகவே இருக்கலாம், குடிக்கிறவனும் நீயே. ஆனாலும் நடுவில் சர்க்கார் உண்டு. மரத்துக்கு வரி, மரத்தில் அடையாளக் குறி. இன்னொரு பக்கம், ஊர் ஊராகக் காய்ச்சிய சாராயத்தை ஒழித்து, பெரிய வடிசாலைகளுக்கு வியாபாரத்தைத் திருப்பிவிட்டார்கள். பாரி கம்பெனியின் நெல்லிக்குப்பம் ஆலை போன்ற இடங்களில் சர்க்கரைப் பாகுக் கழிவிலிருந்து வடித்த சாராயம் கிராமத்துக்குள் வந்தது. கணக்கு வைப்பதற்கு ஒரு ஆலை வசதி, ஆயிரம் பானைகள் வசதியில்லை. காரணம் அவ்வளவுதான். ஆரோக்கியம், ஒழுக்கம் என்ற சொல்லாடல் எல்லாம் பிற்சேர்க்கை.

அப்புறம் மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. குடிக்காதவனும் குடித்தவன் பாக்கியைக் கட்டினான். யுத்தத்தில் தளர்ந்து, 1948 அக்டோபர் 2இல் ராஜதானி முழுக்க மதுவிலக்கு. ஆனால் அந்தச் சட்டத்துக்குள்ளேயே 'பெர்மிட்' என்று ஒரு சந்து இருந்தது. வெள்ளைக்காரர், வெளிநாட்டார், உடல்நலக் காரணம் காட்டி டாக்டர் சான்று வாங்க முடிந்தவர் ஆகியோர் தம் வீட்டில் தம் பாட்டிலைச் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். எங்கள் தாத்தாவின் மொந்தை உடைந்த அதே வருஷங்களில் பட்டணத்தில் எத்தனையோ அலமாரிகளில் பெர்மிட் பாட்டில்கள் பத்திரமாக இருந்தன. தாத்தாவுக்கு எந்த டாக்டர் எழுதித் தருவார்?

1971 ஆகஸ்டில் திறந்தார்கள். 1973லும் 1974லும் மறுபடி மூடினார்கள். 1981இல் திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் பிறந்தது, மொத்த வியாபாரத்துக்காக. 1987 தொடக்கத்திலிருந்து கள்ளுக்குத் தடை. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். இந்த வரிசையை ஒருதரம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூடியபோதும் திறந்தபோதும் ஒரு விஷயம் மட்டும் நிலையாக இருக்கிறது: சாவி ஒருபோதும் இறக்குகிறவன் கையிலோ குடிக்கிறவன் கையிலோ அவன் பெண்டாட்டி கையிலோ வரவில்லை.

1996இல் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு வைத்திருக்கலாம் என்று தமிழக அரசு விதி போட்டது. உள்நாட்டுச் சீமைச் சரக்கு 4.5 லிட்டர், பீர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர். கப்பல்காரன் ஒரு பாட்டில் ஒயின்தான் விடுகிறான். நம் அரசாங்கம் பன்னிரண்டு பாட்டில் விடுகிறது. தாராளம்தான். ஆனால் சொந்த மரத்தில் இறக்கிய கள் எத்தனை லிட்டர் என்று கேட்டால் பதில் பூஜ்யம்.

5

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் உற்சாகமாகிவிடுவார்கள் என்று தெரியும். 'கள் நம் பண்பாடு, தடை ஆதிக்கம், எனவே குடி எதிர்ப்பு' என்று நேர்கோடு போடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதைக்கு மறுபக்கம் உண்டு. அதையும் எழுதியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள்தான்.

மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் துரைமார்கள் கள்ளைத் தடுக்கவில்லை. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்தார்கள். சாயங்காலம் கொடுத்த கூலி ராத்திரியே கடைக்குத் திரும்பியது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, துரைக்கு முன்னால் சைக்கிளில் இருந்து இறங்காமல் போகும் உரிமை இவற்றோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. தலைவர் ஆர். எச். நாதனை நாடு கடத்தினார்கள். தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. 1947இல் கெடா மாநிலத்தின் ஹார்வர்டு தோட்டப் பக்கம் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியபோதும் அடிதடி, உயிர்ச்சேதம்.

சைக்கிளும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். இது ஒழுக்கப் பிரச்சாரம் இல்லை. தோட்டத்து வாசல் யாருடையது என்ற சண்டை. எங்கள் தாத்தா 'என் மரம், என் மொந்தை' என்றார். கிள்ளான் தொழிலாளி 'உன் கடை எனக்கு வேண்டாம்' என்றான். இரண்டும் எதிரெதிர்க் குரல்களாகக் கேட்கும். என் வாசிப்பில் இரண்டும் ஒரே குரல்: எதைக் குடிப்பது, எதை விடுவது என்பதை எங்கள் கூலியை வைத்திருப்பவன் முடிவு செய்யக் கூடாது.

6

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவள் வீட்டுக்காரர், அதாவது கப்பலுக்குப் போன பையனின் அப்பா, குடித்தே போனவர். லைசென்ஸ் உள்ள கடையில், முத்திரை உடையாத பாட்டிலில், சட்டப்படி குடித்துச் செத்தார். அக்கா கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"மரத்துல எறக்குனா என்ன, ஆலையில காச்சுனா என்ன தம்பி. வீட்டுக்குள்ள வரும்போது எல்லாம் ஒரே அடிதான். நீ வாசல் வாசல்னு சொல்ற. என் வாசல்ல நான் மேசை போட்டு உக்கார முடிஞ்சுதா?"

எனக்குப் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் சாராயக் கடையை விரட்டிய பெண்கள் சொன்னதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்: எங்கள் ஊர் வாசலில் நாங்கள் உட்காருவோம். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றச் சொன்னபோது கடைகள் ஊருக்குள் நகர்ந்தன. அங்கே மறித்ததும் பெண்கள்தான். சட்டம் சாலையில் வண்டி ஓட்டுகிறவனைப் பற்றிக் கவலைப்பட்டது, தெருவில் நடக்கிறவளைப் பற்றி இல்லை.

அக்கா இப்போது ஒரகடம் பக்கம் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் கட்டில் வேலை செய்கிறாள். தென்மாவட்டத்துப் பிள்ளைகள், வடமாநிலப் பிள்ளைகள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது வாசலில் பையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். சாராயமா கொண்டுவருகிறார்கள்? ஊறுகாய், கருவாட்டுப் பொடி, அம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல். வெளிச் சாப்பாடு கூடாது என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். காரணம் கேட்டால் அதே சொல்: பாதுகாப்பு. உள்ளே போடுகிற சாப்பாட்டுக்கு மட்டும் அந்தச் சொல் பொருந்துவதில்லை. 2021 டிசம்பரில் இந்த வட்டாரத்தில் ஹாஸ்டல் சாப்பாட்டால் பெண் தொழிலாளர்கள் நோயுற்று, ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையை மறித்த பிறகுதான் அந்தச் சமையல் கட்டுகள் வெளியே தெரிந்தன.

அக்கா மகன் கப்பல் வாசலில் பாட்டிலை எடுத்து வைத்தான். அக்கா வேலை செய்யும் இடத்தின் வாசலில் ஊறுகாயை எடுத்து வைக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் வரை நீண்டு கிடப்பது ஒரு நீளமான கப்பல் என்று சொன்னால் மிகை என்பீர்கள். ஏறும் வாசல், எக்ஸ்ரே, அடையாளச் சீட்டு, உள்ளே விற்பதை மட்டும் வாங்கு என்ற விதி எல்லாம் இருக்கிறது. கடல்தான் இல்லை.

7

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் ஒன்று அரசு விழாவோடு கிளம்பியது. சூதாட்டம், கலாச்சாரம் என்று சர்ச்சை கிளம்பி, அதன் பயணிகள் புதுச்சேரியில் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. தெருவுக்குத் தெரு மதுக்கடை உள்ள ஊர், கப்பலைக் கடலிலேயே நிறுத்தியது! அதே புதுச்சேரிப் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிற கூலிக்காரனை எல்லைச் சோதனைச் சாவடியில் இறக்குகிறார்கள். 2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பக்கமும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் செத்தவர்கள் குடித்தது கள்ளும் இல்லை, காய்ச்சிய பட்டையும் இல்லை. ஆலைக்காகச் செய்த மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல். மரத்தை மூடி, கடையை விலையேற்றி, நடுவில் விட்ட சந்தில் ஆலை விஷம் நுழைந்தது. அதற்குப் பிறகும் அரசு செய்தது தண்டனையைக் கூட்டியதுதான்.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம் என்ற சுதந்திரத்தை நான் கேட்கவில்லை. உல்லாசக் கப்பல் பயணியின் இரண்டாவது பாட்டிலுக்காகப் போராட எனக்கு நேரமும் இல்லை. ஆனால் அந்தப் பயணி ஒருவார காலம், காசு கொடுத்து, கடைசி நாள் பாட்டிலைத் திரும்பப் பெறும் உத்தரவாதத்தோடு அனுபவிக்கிற ஒரு சிறிய அவமானம் இருக்கிறதே, அது 1886இலிருந்து இந்த மண்ணில் சிலருக்கு நிரந்தரமாக விதிக்கப்பட்டிருக்கிறது. மரமேறிக்கும், கூலிக்காரனுக்கும், அவன் பெண்டாட்டிக்கும், இப்போது ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும். மதுவிலக்கா, மதுக்கடையா என்று நம்மை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இரண்டிலும் மேசை போட்டு உட்கார்ந்திருப்பது ஒரே ஆள்.

அக்கா கேட்ட கேள்வியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். வாசலில் யார் உட்காருவது?

பையன் இந்தத் தடவை ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை காலி இருக்கிறதாம். வேண்டாம் என்றேன். "மோந்து பாத்தே பழகிடுச்சு மாமா" என்கிறான்.